வீட்டுத் தோட்டம்: நீல விசிறிப் பனை நம்ம ஊரில் வளருமா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் மூன்று, ஒரே செடியைப் பற்றியவை. ராசிபுரத்துச் சகோதரி ஒருவர், புது வீட்டு வாசலில் நீல நிறத்தில் விசிறி விசிறியாக இலை விரிக்கும் பனை ஒன்று வைக்க ஆசைப்படுகிறார். "நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்குமுங்களா?" என்று கேட்கிறார். ஏற்காட்டிலிருந்து இன்னொருவர், "இங்கே குளிரும் மூடுபனியுமாக இருக்கிறதே, வருமா?" என்கிறார். மூன்றாவது கடிதம்தான் மனசை என்னவோ செய்துவிட்டது. பரமத்தி பக்கத்துச் சகோதரி. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், ஆள் உயர மரமாகவே வாங்கிப் புதுமனை புகுவிழாவுக்கு நட்டாராம். இரண்டே மாதத்தில் அடி இலைகள் காய்ந்து, குருத்தும் வாடிச் சாய்ந்து நிற்கிறதாம். "பணத்தைக் கொண்டுபோய் மண்ணில் போட்டாயே என்று வீட்டில் தினம் பேச்சு. தினமும் நாலு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் ஏனக்கா இப்படி?" என்று எழுதியிருக்கிறார்.

நாலு குடம் தண்ணீர் என்றாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தச் செடி யார், எந்த ஊர்க்காரி என்று தெரிந்துகொள்வோம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அதைத்தானே முதலில் விசாரிப்பார்கள்!

நர்சரிகளில் 'பிஸ்மார்க் பாம்' என்றோ 'சில்வர் பாம்' என்றோ சொல்லி விற்பது இதைத்தான். பிஸ்மார்க்கியா நோபிலிஸ் என்பது சாஸ்திரப் பெயர். 1881-ல் ஹில்டெபிராண்ட், வெண்ட்லாண்ட் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், அப்போது தங்கள் நாட்டுக்குப் பிரதம மந்திரியாக இருந்த பிஸ்மார்க்கின் பெயரை வைத்துவிட்டார்கள். ராஜதந்திரிக்கும் பனைக்கும் என்ன சம்பந்தமோ! செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அதிலும் மழை கொட்டும் கிழக்குப் பக்கமல்ல. மேற்கிலும் வடக்கிலும் உள்ள காய்ந்த புல்வெளிகள். சில மாதம் மழை, அப்புறம் நீண்ட வறட்சி. புல்லில் தீப்பிடித்துப் பரவும்போது மற்ற மரங்கள் கருகிப்போனாலும் இது நின்று பிழைக்கும். அப்படிப்பட்டவளுக்கு நம்ம சேலம், நாமக்கல் சித்திரை வெயில் ஒரு பொருட்டா? ராசிபுரத்துச் சகோதரி பயமில்லாமல் வைக்கலாம்.

அந்த ஊர் ஜனங்கள் இதன் ஓலையால் கூரை வேய்கிறார்கள். தண்டின் உள்ளே இருக்கும் சோற்றிலிருந்து சவ்வரிசிகூட எடுப்பார்களாம்; கொஞ்சம் கசக்குமாம். சேலத்துக்காரர்களிடம் சவ்வரிசி பேச்சை எடுத்தால் சும்மா விடுவார்களா? நம்முடையது மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. ஆனால் ஆதியில் சவ்வரிசி என்பதே கிழக்கே உள்ள தீவுகளில் ஒரு பனை ஜாதியின் தண்டிலிருந்து எடுத்ததுதான்.

இன்னொரு விசேஷம். இந்த பிஸ்மார்க் பனை நம் நாட்டுப் பனைக்கு ஒன்றுவிட்ட தங்கை. குடும்பத்தில் ஒரே கிளை. நம் பனை மாதிரியே ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பெண் மரத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் காய்கள் கொத்தாகத் தொங்கும். ஆகவே இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றும் வேண்டாம். தை மாதத்தில் பனங்கிழங்கு அவித்துத் தின்றிருக்கிறீர்கள் அல்லவா? அது போதும்.

பனங்கிழங்கு எப்படி வருகிறது? பனங்கொட்டையை மண்மேட்டில் பரப்பி வைத்தால், முளை மேலே வராமல் கீழே போகிறது. குழாய் மாதிரி மண்ணுக்குள் இறங்கி, ஆழத்தில் போய்க் கிழங்காகத் தடித்து, அதன் பிறகுதான் அங்கிருந்து இலை மேலே வருகிறது. அதனால்தானே கிழங்குக்கு மேடு கட்டிப் போடுகிறார்கள்! பிஸ்மார்க் விதையும் இதே வேலையைத்தான் செய்கிறது. முதலில் கீழே வீடு கட்டிக்கொண்டு, பிறகுதான் மேலே தலை காட்டும். விதை போட்டு வளர்க்க நினைப்பவர்கள் அரையடித் தொட்டியில் போட்டால், முளை அடியில் முட்டி வளைந்துகொள்ளும். இரண்டடி ஆழமாவது இருக்கிற தொட்டியோ, உயரமான பையோ வேண்டும். நல்ல வெப்பம் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் முளைக்கும், சிலது அரை வருஷம்கூட எடுத்துக்கொள்ளும். 'கெட்டுப்போச்சு' என்று தோண்டிப் பார்க்கிற கை நமக்கெல்லாம் உண்டு. அந்தக் கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வேர் விஷயம்தான் பரமத்திச் சகோதரியின் பணத்தையும் கொண்டுபோயிருக்கிறது என்று நினைக்கிறேன். பையிலேயே பிறந்து பையிலேயே வளர்ந்த சிறு செடியை மண்ணுக்கு மாற்றினால் அதற்குத் தெரியவே தெரியாது. நிலத்தில் வளர்ந்த பெரிய மரத்தைக் கடப்பாரை போட்டுத் தோண்டி, வேரைச் சுற்றி வெட்டி, சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினால்? மற்றப் பனைகளில் பல தாங்கும். இவள் தாங்குவது சிரமம். வேர் அறுபட்டதும் முகம் வாடிவிடும். வெட்டுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று வேரைக் கத்தரித்து, அங்கேயே புது வேர் விடச் செய்து, அதன் பிறகு எடுத்திருந்தால் பிழைக்கும். அவசரமாக எடுத்ததா, பக்குவமாக எடுத்ததா என்று வாங்குகிற நமக்கு எப்படித் தெரியும்? பளபளவென்று நிற்கும், வாங்கி வந்துவிடுவோம். பனை தன் உடம்பில் உள்ள சத்தை வைத்தே சில வாரம் பசுமையாக நடித்துக்கொண்டிருக்கும். விற்றவரைக் கேட்டால், "நட்ட இடம் சரியில்லீங்க" என்பார்.

அதனால் என் யோசனை, ஒன்றரை இரண்டடிக்கு மேல் வாங்காதீர்கள். ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் என்ற ஊர் நர்சரிகளுக்குப் பேர் போனது. அங்கிருந்து லாரி லாரியாகச் செடிகள் நம் பக்கம் வந்து இறங்குகின்றன. பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கியிருந்தால், அந்தச் செடி வேண்டாம். எடுக்கும்போது முக்கியமான வேர் அறுந்துவிடும். நிறத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. குட்டிச் செடியில் இலை கொஞ்சம் ஊதா கலந்து, சிவப்போடித்தான் இருக்கும். அசல் நீலம் போகப்போகத்தான் ஏறும். இதிலேயே முழுப்பச்சை ரகம் ஒன்றும் உண்டு. ஒரே வரிசையில் நல்ல வெயிலில் நிற்கும் செடிகளில் எது அதிகம் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கிறதோ, அதை எடுங்கள்.

சாம்பல் பூத்த என்றேனே, இந்த நீலத்தின் ரகசியமே அதுதான். இலைக்குள் நீலச் சாயம் ஏதும் கிடையாது. கல்யாணத்துக்கு வாங்குகிற வெண்பூசணியைத் தொட்டால் கையில் வெள்ளையாக ஒட்டுமே, நாவல்பழத்தின் மேல் புகை படிந்த மாதிரி இருக்குமே, அதே மெழுகுப் பூச்சுதான். வெயிலைத் திருப்பி அடிக்கவும், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் காக்கவும் செடி தானே பூசிக்கொள்கிற பவுடர். பச்சை இலைமேல் அந்த வெள்ளைப் பூச்சு படிந்திருப்பதுதான் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. நிழலில் வைத்தால் பூச்சு குறையும், நீலமும் மங்கும். போர்டிகோவுக்குள் அழகுக்காக வைத்துவிட்டு "பச்சையாகிவிட்டதே" என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

குரோட்டன்ஸ் இலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பாலும் தண்ணீரும் தொட்டுத் துடைத்து மினுமினுக்க வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தயவுசெய்து இந்தச் செடியிடம் அதைக் காட்டாதீர்கள். துடைத்த இடத்தில் மெழுகு போனால் போனதுதான்; அந்த இலை காய்ந்து விழுகிற வரை விரல் தடம் தெரியும். சோப்பு கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலை இலைமேல் அடித்தாலும் இதே கதி. தூசி படிந்தால் மழை பார்த்துக்கொள்ளும்.

இனி இடம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். தொட்டியில் இரண்டு கைக்குள் அடங்குகிற இந்தக் குழந்தை வளர்ந்தால், ஒரு இலையே ஒன்பது பத்து அடி அகலம் விரியும். காம்பு தனியாக ஆறு ஏழு அடி. மொத்தத் தலையும் இருபது, இருபத்தைந்து அடி குறுக்களவுக்கு வந்துவிடும். 30-க்கு 40 மனையில் வீடும் கட்டி, வாசலில் மிச்சமிருக்கிற எட்டடியில் இதை வைத்தால் என்ன ஆகும்? பல வருஷம் தண்டே எழும்பாமல் இலைகள் தரை மட்டத்திலேயே நாலா பக்கமும் விரியும். முகப்பு அடைபடும். இலை நுனி விறைப்பானது. காம்பின் ஓரமும் கூர்மை. ஓடிப்பிடித்து விளையாடுகிற குழந்தைகளின் கண் உயரத்தில் அவை நீட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் போனதை அண்டை வீட்டார் வெட்டுவார்கள். மேலே போனதை மின்வாரியத்தார் வெட்டுவார்கள். பாதி வெட்டிய விசிறியைப் பார்க்கவா இத்தனை செலவு? சுவரிலிருந்து பன்னிரண்டு அடி, தலைக்கு மேலே கம்பி இல்லாத வானம் – இந்த இரண்டும் இருந்தால்தான் நிலத்தில் நடலாம். இல்லாதவர்கள் ஆழமான பெரிய தொட்டியில் நாலைந்து வருஷம் வைத்து அழகு பார்த்துவிட்டு, ஊரில் தோட்டம் இருக்கிற அண்ணன் தம்பிக்குக் கொடுத்துவிடலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கி டெங்கு கொசுவுக்குத் தொட்டில் ஆகும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

"பனை வாசலில் ஆகாது" என்று மாமியார் சொல்கிறார், என்ன செய்ய என்றும் ராசிபுரத்துக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. பெரியவர்கள் சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. உயர்ந்த பனையில் இடி விழும். மட்டையும் காயும் தலையில் விழும். வாசலை விட்டுக் காலி மனைப் பக்கம் தள்ளி வையுங்கள். மாமியார் பேச்சும் நிற்கும், இடமும் கிடைக்கும்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்ல சமயம். மண் சூடாக இருக்கிறது, அடுத்தடுத்து மழை வருகிறது. ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். மூன்றடிக்கு மூன்றடி குழி, ஆழமும் மூன்றடி. நம் பக்கத்துச் செம்மண் வடிகாலுக்கு நல்லது. சில இடங்களில் இரண்டடிக்குக் கீழே சுக்கான்கல் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். அதைக் கடப்பாரையால் உடைக்காமல் நட்டால், மழைத் தண்ணீர் குழியில் தேங்கிக் குளம் கட்டும். தோண்டிய மண்ணோடு நன்றாக மக்கிய தொழு எருவும், கரையானுக்கு வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பையைக் கவிழ்த்துத் தட்டக்கூடாது. பிளேடால் நெடுக்கக் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, குழியிலும் அதே மட்டம். பலமாக நிற்கட்டும் என்று கழுத்து வரை புதைத்தால் குருத்து அழுகும்.

தண்ணீர் முதல் வருஷம் வாரம் இரண்டு தடவை, ஆழமாக இறங்குகிற மாதிரி. இரண்டாம் வருஷம் வாரத்துக்கு ஒன்று. அதன் பிறகு கோடையில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை விட்டாலே போதும். தினம் இரண்டு குவளை ஊற்றினால் வேர் மேலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். தினம் நாலு குடம் ஊற்றினால் மூச்சு முட்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஓரளவு தாங்கும், மழைக்காலத்தில் கழுவிக்கொண்டு போய்விடும்.

எரு விஷயத்தில் நாமக்கல்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கோழிப்பண்ணை ஊர் அல்லவா, மூட்டை மூட்டையாகக் கோழி எரு சுலபமாகக் கிடைக்கிறது. பச்சையாகப் போட்டால் அந்தச் சூட்டில் வேர் வெந்துவிடும். தென்னை நார்க்கழிவோடு அடுக்கி, மாதக்கணக்கில் மக்கவைத்து, சூடு அடங்கி வாடை போன பிறகு, தண்டை ஒட்டாமல் இரண்டடி தள்ளிப் போடுங்கள். அதுவும் மட்டாக. தழைச்சத்து மட்டும் ஏறி சாம்பல்சத்து குறைந்தால், அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காயும். அப்போது பார்க்க நன்றாயில்லை என்று பாதி மஞ்சளான இலையை வெட்டிப் போடுகிறோம். அது தப்பு. மரம் அந்தக் கிழட்டு இலையிலிருந்துதான் சாம்பல்சத்தை உறிஞ்சி இளம் இலைக்குக் கொடுக்கிறது. அதை வெட்டினால் அடுத்த இலையில் கை வைக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்தால் போதும். பொட்டாஷும், பக்கத்திலேயே மக்னீசியமும் கொஞ்சம் கொடுப்பது நல்லது. சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் கரட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் மக்னீசியம் வேண்டாம்; உங்கள் மண்ணே அதுதான். புது இலை சுருங்கி மடிந்து வந்தால் போரான் குறைவு. போராக்ஸ் துளி அதிகமானாலும் விஷம், ஆகவே வேளாண்மை அலுவலரைக் கேட்டு அளவோடு போடுங்கள்.

ஏற்காட்டுச் சகோதரிக்கு: கீழே சேலம் முந்நூறு மீட்டர் உயரம்கூட இல்லை, நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர். பிஸ்மார்க் அங்கே சாகாது, ஆனால் மெதுவாக வளரும். மூடுபனியில் அந்த நீலம் எடுப்பாக வராது. தெற்குப் பார்த்த சரிவில், நாள் முழுதும் வெயில் விழுகிற இடத்தில், மண்ணில் மணலும் கல்லும் கலந்து மேடாக நடுங்கள். ஊட்டி மாதிரி உறைபனி விழுகிற ஊர்களில் இளஞ்செடி பிழைப்பது கஷ்டம். அங்கே வேறு நீல விசிறிகளைத் தேட வேண்டும். மொராக்கோ நாட்டு அட்லஸ் மலையில் புதர் மாதிரி வளரும் வெள்ளி நிறக் குட்டைப் பனை ஒன்று உண்டு. மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் ஒரு நீலப் பனை உண்டு. இரண்டும் குளிர் தாங்கும், ஆனால் ஆமை வேகம். காம்பில் முள்ளும் உண்டு. ஈரம் தேங்கினால் இரண்டுக்கும் ஆகாது. பலூசிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் 'மஸரி' என்று ஒரு சாம்பல் நிறப் பனை. அங்கே பெண்கள் அதன் ஓலையில் பாயும் கூடையும் முடைகிறார்கள். வெயில், குளிர், வறட்சி எல்லாவற்றையும் பார்த்த ஜாதி அது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மொரீஷியஸ் தீவின் நீல லத்தானியா பொருந்தும். இவையெல்லாம் நம் நர்சரிகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் பெயர் மாற்றி விற்பது அதிகம்.

இதைச் சொல்லும்போது ஒரு ஆதங்கம். தோட்டத்து வரப்பில் தானாக நிற்கிற நாட்டுப் பனையைச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, அதன் மடகாஸ்கர்த் தங்கையை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாசலுக்கு அழைக்கிறோம். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். நீலப் பனை வைக்கிறவர்கள் வரப்பில் நாலு பனங்கொட்டையையும் ஊன்றினால் பேரப்பிள்ளைகளுக்கு நுங்கு கிடைக்கும்.

பூச்சியில் இரண்டுதான் முக்கியம். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து, விரிந்த இலையைக் கத்தரித்த மாதிரி ஆக்கும். அது முட்டையிடுவது எருக்குழியில். எருக்குழியைப் பனைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள்மட்டை இடுக்கில் போட்டு வையுங்கள், தென்னைக்குச் செய்கிற மாதிரியே. மற்றது சிவப்புக் கூன்வண்டு. பச்சை மட்டையை வெட்டினால் அந்தக் காயத்தின் வாசனைக்கே தேடி வரும். உள்ளே புழு குடைவது வெளியே தெரியாது. தெரியும்போது காரியம் மிஞ்சிவிடும்.

இப்போது பரமத்திச் சகோதரிக்கு. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், அம்மிணி. ஓரத்தில் ஒரு அடி தோண்டி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டை பிடிக்கிற ஈரம் இருந்தால் ஒரு வாரம் ஊற்றவே வேண்டாம். பிறகு குருத்தை இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். கையோடு வந்து, அடியில் நாற்றம் அடித்தால் அது முடிந்தது என்று அர்த்தம். பனைக்கு ஒரே ஒரு குருத்துதான். பக்கக் கிளை விட்டுப் பிழைக்க அதற்கு வழியில்லை. வராமல் உறுதியாக நின்றால் நம்பிக்கை உண்டு. குருத்தின் மேலும், அதை ஒட்டிய மட்டையின் மேலும் சேர்த்துப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் குருத்துக் கோடு மேலே ஏறியிருந்தால் உயிர் இருக்கிறது. காற்றில் ஆடாமல் மூன்று பக்கம் முட்டுக் கொடுங்கள். ஆட ஆடப் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். இலைகளை மேலே சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். குருத்தின் அடியில் ஒரு சதவீத போர்டோக் கலவையை இலையில் படாமல் ஊற்றுங்கள். எரு எதுவும் வேண்டாம். ஆறு மாதம் பொறுத்துத்தான் முடிவு சொல்ல முடியும். வீட்டில் பேசுகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். தவறு உங்கள் கையில் இல்லை, வேரில்.

குருத்து கையோடு வந்துவிட்டதென்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். மரத்தை அப்படியே மூலையில் சாத்தி வைத்தால், உள்ளே கூன்வண்டுப் புழு இருந்து அக்கம்பக்கத்துத் தென்னைக்கெல்லாம் போகும். தண்டைப் பிளந்து பாருங்கள்; புழு இருந்தால் எரித்துவிடுங்கள், இல்லாவிட்டாலும் ஆழமாகப் புதையுங்கள். குழியை மூடாமல் அடுத்த ஆடி வரை வெயிலில் காயவிடுங்கள்.